பதினைந்து நிர்வாகிகள், ஓர் ஆட்டக்காரன்

பத்து மணிக்கு ஆட்டம். ஒன்பதரை ஆகியும் ஆட்டக்காரனைக் காணோம்.

மற்ற எல்லாரும் வந்திருந்தார்கள். மண்டல விளையாட்டுப் போட்டிக்கு இறகுப்பந்துச் சங்கம் அனுப்பிய குழுவில் பதினாறு பேர். அதில் பதினைந்து பேர் நிர்வாகிகள். தலைவரின் மைத்துனர் கோச். பொருளாளரின் மருமகன் குழு மருத்துவர். பிழைப்புக்குப் பல் பிடுங்குகிறவர். கொடி பிடிக்க ஒருவர், அவர் கொடி பிடிப்பதைப் படம் எடுக்க ஒருவர். பஸ்ஸிலோ பதினைந்து இருக்கைகள்தான். நேற்றுக் காலை கிளம்பும்போது ஓர் ஆள் அதிகம் என்று தெரிந்ததும், செயலாளர் கையிலிருந்த பட்டியலிலிருந்து தலையைத் தூக்காமலே, "யாருக்கு வயசு கம்மியோ அவங்க இறங்கி வேற வண்டியில வாங்கப்பா" என்றார். யாரோ இறங்கினார்கள். பஸ் கிளம்பியது.

அந்த யாரோதான் ஆட்டக்காரன் என்பது இப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"போன் பண்ணீங்களா?"

"பதினோரு தடவை பண்ணிட்டேன். ஆஃப்ல இருக்கு" என்றார் பொருளாளர்.

"திமிரு! ஒரு பஸ் பிடிச்சு வரத் தெரியாதா? பொறுப்புங்கிறதே கிடையாதுய்யா இந்தப் பசங்களுக்கு."

"நம்ம காலத்துல இப்படியா?" என்றார் கோச். அவர் காலத்தில் அவர் எந்த விளையாட்டும் விளையாடியதில்லை.

ஆட்டம் தோற்றால் செயலாளருக்கு ஒரு கவலையும் இல்லை. சங்கம் தோற்பது பழகிப்போன விஷயம். ஆனால் இந்த வருஷம் புது விதி வந்திருந்தது. ஓர் ஆட்டம்கூட ஆடாத சங்கத்துக்கு அங்கீகாரம் ரத்து. அங்கீகாரம் போனால் பதினெட்டு வருஷமாக அவர் உட்கார்ந்து தேய்த்த சுழல் நாற்காலி போகும். அறைக்கதவில் இருக்கும் பித்தளைப் பலகை போகும். வீட்டில் அவர் மனைவியே அவரை 'செயலாளரே' என்றுதான் கூப்பிடுவாள். அது கேலி என்பது அவருக்கு இன்னும் தெரியாது.

பதிவு மேசையில் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்க பிளேயர் எங்க சார்?"

"பாத்ரூம்ல இருக்காம்மா."

"பத்து மணிக்கு கோர்ட்ல நிக்கலைன்னா எதிராளிக்கு வாக்ஓவர். நீங்க ஆடலைன்னு எழுதிடுவோம்."

செயலாளர் திரும்பி வந்தார். பொருளாளரிடம் யோசனை தயாராக இருந்தது.

"உடம்பு சரியில்லைன்னு ஒரு நாள் தள்ளிவைக்கச் சொல்லுவோம். அதுக்குள்ள அவன் வந்துடுவான். சர்ட்டிஃபிகேட்தானே? மருமகன் கையிலயே இருக்காரு."

மருமகன் மடமடவென்று எழுதிக் கொடுத்தார். அவருக்குத் தெரிந்த நோய்தானே அவரால் எழுத முடியும்? கடுமையான கடைவாய்ப் பல் வலி என்று எழுதியிருந்தார்.

மேசைப் பெண் இரண்டு முறை படித்தாள்.

"பாத்ரூம்ல இருக்கார்னு சொன்னீங்க?"

"பல் வலியோடதான் போயிருக்கான்."

"எங்க டாக்டர் நேர்ல பாக்கணும் சார். அஞ்சு நிமிஷத்துல அவரைக் கூட்டிட்டு வாங்க."

இப்போது ஆட்டக்காரன் மட்டும் போதாது. அவனுக்குப் பல் வலியும் இருந்தாக வேண்டும். உடை மாற்றும் அறையில் பதினைந்து பேரும் கூடினார்கள். பஸ்ஸோடு வந்துவிட்ட ஆட்டக்காரனின் ஜெர்சியை ஒவ்வொருவராகப் போட்டுப் பார்த்தார்கள். கோச்சுக்கு அது நெஞ்சோடு நின்றுவிட்டது. கொடி பிடிப்பவர் அதற்குள் தலையை விட்டு, வெளியே எடுக்க முடியாமல் மூன்று பேர் இழுக்க வேண்டியதாயிற்று. வருஷம் முழுக்கக் கூட்டம் கூட்டி, கூட்டத்துக்கு ஒரு விருந்து வைத்து வளர்த்த உடம்புகள். வயிற்றுப் புண்ணால் பத்தியம் இருந்த செயலாளருக்கு மட்டுமே ஜெர்சி இறங்கியது.

"கார்டுல போட்டோ இருக்கே?" என்று அவர் கடைசியாக ஒரு முறை தப்பிக்கப் பார்த்தார்.

எல்லாருடைய அடையாள அட்டைகளும் பொருளாளர் பையில்தான் இருந்தன. அவர் ஆட்டக்காரனின் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நகலுக்கு நகல் எடுத்த படம். மூக்கு இருந்த இடத்தில் ஒரு கறை, அதற்கு மேலே இரண்டு கறை.

"இது நீங்களாவும் இருக்கலாம், நானாவும் இருக்கலாம். அவன் மூஞ்சி எப்படி இருக்கும் சொல்லுங்க பாப்போம்?"

செயலாளர் யோசித்தார். "ஃபார்ம் எல்லாம் நான்தான் கையெழுத்துப் போடறேன். ஆளை யாரு நிமிந்து பாத்தா?"

அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

போட்டியின் டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். விளக்கை அடித்து செயலாளரின் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு அட்டையைப் பார்த்தார்.

"வயசு இருபத்திரண்டா?"

"ஆமா டாக்டர்."

"மூணு பல்லு கட்டினது. ரெண்டு இல்லவே இல்லை."

"பயிற்சி ரொம்பக் கடுமைங்க" என்றார் கோச் பின்னாலிருந்து.

டாக்டர் பேனாவை எடுத்தார். "வலிக்கிற பல்லுன்னு சொன்ன இடத்துல பல்லே இல்லை. அதனால வலிக்க வாய்ப்பில்லை. போய் ஆடுங்க." ஆடத் தகுதி உண்டு என்று எழுதி முத்திரை குத்தினார்.

அந்த முத்திரைக்குப் பிறகு தப்பிக்க வழியே இல்லை. சரியாகப் பத்து மணிக்கு, ஐம்பத்து நாலு வயதில், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ராக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு செயலாளர் கோர்ட்டுக்குள் நுழைந்தார். பதினெட்டு வருஷத்தில் அவர் ராக்கெட் வழங்கியிருக்கிறார், வாங்குபவரோடு சேர்ந்து படத்துக்கு நின்றிருக்கிறார். பிடித்ததில்லை.

வலைக்கு அந்தப் பக்கம் ஒல்லியாக ஒரு பையன் நின்றான். அவன் சங்கத்திலிருந்து அவனோடு வந்திருந்தது ஒரே ஒரு பெண்மணி. அவரே மேனேஜர், அவரே கோச், தண்ணீர் பாட்டிலைத் தூக்கியவரும் அவரே.

"பாவம், ஒத்தை ஆளு. வசதியில்லாத சங்கம் போல" என்றார் பொருளாளர்.

நடுவர் பெயர்களை வாசித்தார். செயலாளர் சுமந்துகொண்டிருந்த பெயர் ஒலித்ததும் எதிரே நின்ற பையன் வெடுக்கென்று நிமிர்ந்தான். செயலாளரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தான். பயந்துவிட்டான் என்று செயலாளர் நினைத்தார்.

முதல் சர்வீஸ் செயலாளருக்கு. ஷட்டிலைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டு ஓங்கி அடித்தார். காற்றில் ராக்கெட் மட்டும் போய் வந்தது. ஷட்டில் அவர் தலையிலேயே இறங்கியது.

"தப்பு. இடுப்புக்குக் கீழேதான் அடிக்கணும்" என்றார் நடுவர்.

"புது விதியா?" என்று கேட்டார் செயலாளர்.

அதற்குப் பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொன்னால் விளையாட்டுக்கு அவமானம். பையன் ஷட்டிலை இடது மூலையில் வைத்தான், செயலாளர் ஓடினார். வலது மூலையில் வைத்தான், ஓடினார். வலையோரம் மெல்லத் தட்டிப் போட்டான்; விழுந்தார். பையன் ஒரு முறைகூட ஓங்கி அடிக்கவில்லை. எதையோ நிதானமாகத் தீர்த்துக்கொள்கிறவன் போல, மூலை மூலையாக அவரை அனுப்பிக்கொண்டிருந்தான். கேலரியில் கோட்டுப் போட்ட பதினாலு நிர்வாகிகள் கைதட்டினார்கள். "கால் மாத்தி வைங்க!" என்று கோச் கத்தினார். எந்தக் காலை என்று சொல்லவில்லை.

முதல் செட் இருபத்தொன்று, பூஜ்யம். இரண்டாவது இருபத்தொன்று, ஒன்று. அந்த ஒன்று, செயலாளரின் ஷூ கழன்று பறந்தபோது சிரிப்பை அடக்க முடியாமல் பையன் வெளியே அடித்தது.

"இன்னும் கொஞ்சம் தாக்குப் பிடிச்சிருந்தா ஆட்டம் திரும்பியிருக்கும்" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார் செயலாளர். அவர் அதை நம்பியும் விட்டார். தோற்றால் என்ன? ஆடியாயிற்று. ஏட்டில் ஏறியாயிற்று. நாற்காலி பிழைத்தது.

பிழைத்ததும் புத்தி பழைய வேலைக்குத் திரும்பியது. இப்படி ஒரு பையன் நம் சங்கத்தில் இருந்தால் என்ன? பதக்கம் வரும். பதக்கத்தோடு படம் வரும். படத்தில் நடுவில் யார் நிற்பார்கள்? அவர் அந்தப் பெண்மணியை நெருங்கினார்.

"நல்ல பையன்மா. எங்க பிடிச்சீங்க?"

"வழியிலதான் சார். எங்க பையனுக்கு முந்தாநாள் கணுக்கால் பிசகிடுச்சு. ஆடலைன்னா அங்கீகாரம் போயிடுமேன்னு தனியாவே கிளம்பினேன், நேத்து கடவுள் மாதிரி இவன் ரோட்டோரத்துல நின்னான். நல்லா ஆடுவேன்னான். எங்க பையன் கார்டை மாட்டி விட்டுட்டேன். தயவுசெஞ்சு வெளிய சொல்லிடாதீங்க."

புகார் கொடுத்தால் ஆட்டத்தையே வென்றுவிடலாமே என்று ஒரு கணம் செயலாளரின் கை துடித்தது. தன் கழுத்தில் தொங்கும் அட்டை நினைவு வந்து கை தானாக இறங்கியது. ஆனால் பையன் இந்தப் பெண்மணியின் சங்கத்து ஆளில்லை. அதுதான் முக்கியம். அநாதையாக ஒரு திறமை கிடக்கிறது!

பையன் பெஞ்சில் உட்கார்ந்து பையை மூடிக்கொண்டிருந்தான். செயலாளர் அவன் தோளில் கை போட்டார்.

"தம்பி, உன் அருமை தெரியாத இடத்துல கிடந்து கஷ்டப்படறே. உன்னைத் தேடிக்கூடப் பாக்காத சங்கமெல்லாம் ஒரு சங்கமா? எங்ககிட்ட வந்துடு. எங்க சங்கத்துல ஆட்டக்காரனுக்குத்தான் முதல் மரியாதை. உன்னை மாதிரி ஒருத்தனைத்தான்பா நாங்க இத்தனை வருஷமா தேடிக்கிட்டிருக்கோம்."

பையன் தோளிலிருந்த கையை எடுத்து அவரிடமே கொடுத்தான்.

"நாலு வருஷமா நான் உங்க சங்கத்துலதான் சார் ஆடிட்டிருக்கேன்."