லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோர்ட்

நல்ல காரியம், கெட்ட காரியம் என்று பாரபட்சம் பார்க்காமல் எல்லாவற்றையும் சமமாகத் தடுத்து நிறுத்திய ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, ஸ்டே மாமாதான்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் நான் பேச்சிலராகக் குடிவந்த அடுக்குமாடியில் அவர் இரண்டாவது மாடி. கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொன்ன தீர்ப்புகளைச் சுமந்தவருக்குத் தானும் ஒன்று சொல்லிப் பார்க்க ஆசை வந்துவிட்டது. விதி போடுவது பொதுக்குழு, நடத்துவது செக்ரட்டரி, இரண்டு பேரும் தப்பு செய்தால் யார் கேட்பது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்றார். தொல்லை தாங்காமல் பொதுக்குழு அவரையே புகார் விசாரிக்கும் பெஞ்சாக நியமித்தது. அதோடு அடங்கிவிடுவார் என்று நினைத்தார்கள், பாவம்.

நீதிபதி சட்டசபையில் உட்காரக்கூடாது என்பதால், அன்றிலிருந்து பொதுக்குழு நடக்கும்போது மாமா மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்வார். வீட்டு ஓட்டை மாமி போடுவார்.

செக்ரட்டரி, தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி. காலையில் நினைத்ததை மதியத்துக்குள் முடித்தால்தான் அவருக்குச் சாப்பாடு இறங்கும். மோட்டார் போடும் நேரத்தை மாற்றினார்; மாமா கோர்ட் பாணியில் தடையுத்தரவு போட்டார், ஸ்டே. மொட்டைமாடியில் துணி காயப்போட முறை வைத்தார்; துணி காய்வதற்குள் ஸ்டே. காம்பவுண்டுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார். பாதிச் சுவரில் ஸ்டே.

விசாரணை லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் நடக்கும். மாமா வேட்டிக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கோர்ட் வழக்கப்படி மூன்று தடவை பெயரைக் கூப்பிடுவார். அண்ணாச்சி மூக்குக்கு எதிரேதான் நிற்பார். ஆனாலும் மூன்றாவது அழைப்புக்குப் பிறகுதான் "இருக்கேன்" என்று சொல்லலாம்.

ஒரு கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. பேச்சிலர்கள்தான் தண்ணீரைக் கொட்டுகிறார்கள் என்று யாரோ கொளுத்திப்போட, பேச்சிலர்களுக்கு வீடில்லை என்று பொதுக்குழு தீர்மானம் போட்டது. முதலில் கை தூக்கியது மாமி. கூட்டம் கலைந்த கையோடு அண்ணாச்சி எங்கள் கதவைத் தட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் குழாயை மூடிவிடுவாராம். எனக்கும் என் அறைத்தோழனுக்கும் போக வேறு இடமில்லை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் பேச்சிலர் என்றதுமே கதவைச் சாத்தினார்கள். அலைந்து களைத்துத்தான் இங்கே வந்து சேர்ந்திருந்தோம்.

நம்பிக்கையில்லாமல் மாமாவிடம் போனோம். எங்கள் கோழிக்குழம்பு வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு படியேறுகிறவர் அவர். முழுவதையும் கேட்டுவிட்டு, முழுக்கைச் சட்டையைத் தேடினார்.

"இவா குடிவந்தப்போ இந்தத் தீர்மானமே கிடையாது. இவாளை ஒரு வார்த்தை கேக்கவும் இல்லை. அதனால ஸ்டே" என்றார் நாற்காலியிலிருந்து.

அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. "என்னைய நீங்க தடுக்கிய. சரி சார், ஒங்களை யாரு தடுக்கது?"

"பொதுக்குழு என்னைத் தூக்கலாம். நீங்க தூக்க முடியாது. போய்க் கூட்டத்தைக் கூட்டுங்கோ."

அன்று மாமாவுக்கு வீட்டில் காபி கிடைக்கவில்லை என்று கேள்வி.

கூட்டம் கூடியது. மாமா வழக்கம்போல் மாடிப்படியில். நாங்கள் ஒரு நாளைக்கு எத்தனை வாளி என்று கணக்கு சொல்லிக் கெஞ்சியதில், ஒருவழியாக ஏற்கெனவே இருப்பவர்கள் இருக்கலாம் என்று தீர்மானத்தைத் திருத்தினார்கள். அடுத்து, மாமாவை பெஞ்சிலிருந்து நீக்குவது. அதற்கும் முதலில் கை தூக்கியது மாமிதான். வேறு கை எழவில்லை. அண்ணாச்சி இரண்டு கைகளையும் கட்டிக்கொண்டு சீலிங் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது மாமா பெருங்குடியில் மகனோடு இருக்கிறார். நான் கல்யாணமாகியும் அதே வீட்டில்தான். போன வாரம் அண்ணாச்சி லிஃப்ட் பக்கத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், மிச்சச் சுவத்துக்கும் மஞ்சள் அடிக்கலாம்னு இருக்கேன். யாரும் தடுக்க மாட்டேங்காங்க. பயமால்லா இருக்கு. ஒரு ஸ்டே குடுங்க."

ஸ்பீக்கரில் மாமாவின் குரல் வந்தது. "செக்ரட்டரி." அண்ணாச்சி பேசவில்லை. "செக்ரட்டரி." அப்போதும் பேசாமல், மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார். "செக்ரட்டரி."

"இருக்கேன் சார்" என்றார் அண்ணாச்சி.

சுவர் இன்னும் பாதி மஞ்சளாகத்தான் இருக்கிறது. அதை முழுசாகப் பார்க்க எனக்கும் மனசில்லை.