காயமடைந்தவர் பெயர்: விநாயகர்

அரசாங்கத்திடம் என் வாழ்நாளில் ஒரே ஒரு பொய்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் முழுப் பொய் இல்லை. சிலையைப் போய்ப் பாருங்கள், ஒரு கொம்பு ஒடிந்துதான் இருக்கிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. போளூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து ஆரணிக்கு வந்து, முள்ளிப்பட்டுப் பக்கம் இருந்த ஒரு பட்டு நூல் முறுக்கும் பட்டறையில் ஆபீஸ் வேலை பார்த்தேன். ஆபீஸ் என்றால் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நான். பி.காம். முடித்த கையோடு மூன்று மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்திருந்தேன். (அந்த சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணிப் பையிலேயே வைத்திருந்தேன். பஸ்ஸில் யாராவது கேட்டால்?) எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது என்று அந்தப் பட்டறையில் நம்பிய ஒரே ஆள் நான்தான்.

ஒரு புதன்கிழமை காலை, மல்லிகா அக்காவின் விரல் மிஷின் பெல்ட்டில் மாட்டிக்கொண்டது. நூல் சுற்றும் மிஷினில் வேலை அவருக்கு. என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உப்பு பத்தவில்லை என்று தினமும் கண்டுபிடிப்பவர் அவர்தான். வலது கை ஆள்காட்டி விரலில் எலும்பு முறிந்துவிட்டது. முதலாளி தன் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கட்டுப் போட்டு, வீட்டில் விட்டுவிட்டு, நேராக என் மேசைக்கு வந்தார்.

“இதெல்லாம் இப்ப ஆன்லைன்லதான் குடுக்கணுமாமே. ஒரு நாளுக்குள்ள போவலன்னா மல்லிகாவுக்குப் பேஜாராயிடும். ஜல்தியா போடும்மா.”

அந்த விபத்து அறிக்கை போனால்தான் மல்லிகா அக்காவுக்குக் காப்பீட்டில் வைத்தியம் நடக்கும், படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளமும் வரும். அவர் வீட்டில் சம்பாதிக்கும் ஆள் அவர் மட்டும்தான். பொறுப்பு பெரிது. நான் விரல்களைச் சொடுக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் பட்டறை அதுவரை அந்த இணையதளத்தில் எதையுமே பதிந்ததில்லை. ‘மொத்த அறிக்கைகள்: 0’ என்று திரையில் இருந்தது. அதைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மாறியது.

“இது புது நோட்டு மாதிரியா?”

“ஆமாங்க. நாமதான் மொதல்ல எழுதப்போறோம்.”

“ஏம்மா, புது நோட்டுல எடுத்த எடுப்புல வெரல் ஒடஞ்சுதுன்னா எழுதுவ? அப்புறம் வருசம் பூரா அதையேதான் எழுதிகினு கெடக்கணும். மொதல்ல புள்ளையாரப் போடு.”

ஆரணியில் தறியில் புதுப் பாவு ஏற்றினாலும் சரி, புது நோட்டு பிரித்தாலும் சரி, மஞ்சள் தடவிப் பிள்ளையார் சுழி போடாமல் யாரும் கை வைக்க மாட்டார்கள். புத்தியுள்ள பெண்ணாக இருந்தால் மானிட்டரின் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டு வைத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். நான் சர்டிபிகேட் வாங்கியவள் ஆயிற்றே! “முறையாவே பண்ணிடலாங்க” என்றேன்.

பெயர்க் கட்டத்தில் ‘உ’ என்று சுழியை அடித்தேன். ஒற்றை எழுத்தெல்லாம் பெயராகாது என்று சிவப்பு நிறத்தில் திட்டியது. சரி, பெயரையே எழுதுவோம் என்று ‘விநாயகர்’ என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது. ஆனால் எல்லாக் கட்டத்தையும் நிரப்பாமல் அடுத்த அடி வைக்க விடாது போலிருந்தது. தொழிலாளர் எண்? ஒன்று. (அவருக்கு முன்னால் இங்கே யார் வேலைக்குச் சேர்ந்தார்கள்?) தந்தை பெயர்? பரமசிவம். வயது? இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது, தொண்ணூற்றொன்பது போட்டேன். காயம்பட்ட உறுப்பு? பட்டியலில் கொம்பு இல்லை, பல் இருந்தது. விபத்து எப்படி நடந்தது? ‘எழுதும்போது ஒடிந்தது.’ சிகிச்சை? ‘அளிக்கப்படவில்லை.’ இப்போது எங்கே இருக்கிறார்? ‘பணியிடத்திலேயே.’ முதலாளி பக்கத்தில் நின்று ஒவ்வொன்றுக்கும் பயபக்தியோடு தலையாட்டினார்.

என் திட்டம் தெளிவாகத்தான் இருந்தது. பிள்ளையாரைச் ‘சேமி’ என்ற பொத்தானில் வைப்பது. வெளியே போகாமல் முதல் பக்கமாக உள்ளேயே இருப்பார். மல்லிகா அக்காவுடையதைச் ‘சமர்ப்பி’ என்ற பொத்தானில் அனுப்புவது. இரண்டு பொத்தான்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பிள்ளையார் விஷயமாயிற்றே என்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே அழுத்தினேன். அடுத்து மல்லிகா அக்காவின் விவரங்களை நிரப்பி, முன்பு அழுத்தாத மற்ற பொத்தானை அழுத்திவிட்டு, போளூர் பஸ்ஸுக்கு ஓடினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரி வந்தார். கையில் காகிதம், முகத்தில் கொதிப்பு.

“தொண்ணூத்தொம்பது வயசு ஆள வேலைக்கு வெச்சிருக்கீங்க. பல்லு ஒடஞ்சிருக்கு, வைத்தியமும் பாக்கல, வீட்டுக்கும் அனுப்பல. மனுஷங்கதானா நீங்க? எங்க அந்தப் பெரியவரு?”

பட்டறையில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. எல்லோரும் ஒன்றாகத் திரும்பி வாசல் மாடத்தைப் பார்த்தார்கள். அங்கே அருகம்புல் மாலையோடு அவர் பணியிடத்திலேயே இருந்தார்.

அதிகாரி கிட்டே போனார். பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றினார். சிலையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார். “எழுதும்போது ஒடிந்தது” என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு மெதுவாகத் திரும்பினார்.

“யாரு போட்டது இது?”

“நான்தாங்க சார். கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்சிருக்கேன்” என்றேன். (அதை ஏன் அப்போது சொன்னேன் என்று இன்று வரை விளங்கவில்லை.)

அந்த நேரம் பார்த்து, கட்டுப் போட்ட கையோடு மல்லிகா அக்கா வாசலில் வந்து நின்றார்.

“பாப்பா, ஆஸ்பத்திரில என் பேர்ல ரிப்போர்ட்டே வரலன்றாங்களே. லீவும் கெடையாதாம். நீ போட்டியா இல்லியா?”

சாமியை அனுப்பிவிட்டு மனுஷியை உள்ளேயே வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. கெடு முடிந்து ஒரு நாள் ஆகிவிட்டது. அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதுவிட்டேன். லேமினேட் பண்ணிய சர்டிபிகேட்டால் கண்ணைக்கூடத் துடைக்க முடியவில்லை.

அதிகாரி என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. மல்லிகா அக்காவின் கையைப் பார்த்தார். எந்த மிஷின் என்று கேட்டுப் போய்ப் பார்த்தார். பெல்ட்டுக்கு மூடியே இல்லை. அப்புறம் என் நாற்காலியில் உட்கார்ந்து, உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அக்காவின் அறிக்கையைத் திறந்தார்.

“புதன்கிழமை சாயங்காலமே எழுதியிருக்கு. அனுப்பாதது இந்தப் பொண்ணோட கோளாறு. அதுக்கு இவங்க ஏன் கஷ்டப்படணும்?” என்று சொல்லி, நேரில் விசாரித்ததாகக் குறிப்பு எழுதி, அங்கேயே ஏற்றுக்கொண்டார். முதலாளியிடம், மூடி போடும்வரை அந்த மிஷின் ஓடக் கூடாது என்றார். முதலாளி இரண்டு கையையும் கூப்பினார். அவரைப் பார்த்தா, மாடத்தைப் பார்த்தா என்று தெரியவில்லை.

பிள்ளையாரின் அறிக்கை பாக்கி இருந்தது. அதை முடிக்க ஒரு காரணம் கொடுக்க வேண்டும். அதிகாரி பட்டியலைப் பார்த்து, கொஞ்சமும் சிரிக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்: ‘தொழிலாளி பணிக்குத் திரும்பிவிட்டார்.’ வெளியே போய் வண்டியை எடுத்தவர், ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை ஜன்னல் வழியாக எல்லோரும் பார்த்தோம்.

மல்லிகா அக்காவுக்கு வைத்தியம், விடுப்பு, சம்பளம் எதுவும் குறையாமல் கிடைத்தது. எல்லா மிஷினுக்கும் மூடி வந்தது. (ஒவ்வொரு மூடியிலும் மஞ்சள் தடவித்தான் மாட்டினார்கள்.) அக்கா வேலைக்குத் திரும்பிய அன்று நான் மன்னிப்புக் கேட்டேன்.

“அட நீ ஒண்ணு. நீ எங்க எழுதின? அவரே தம் பேர்ல கேசு போட்டுகினு, எனக்கோசரம் ஆபீசர இட்டாந்தாரு” என்றார். நான் செய்த முட்டாள்தனத்துக்கு அதைவிட மரியாதையான விளக்கம் இதுவரை யாரும் தரவில்லை.

இன்று என் வீட்டில் கரண்ட் பில் கட்டினாலும் சரி, ரயில் டிக்கெட் எடுத்தாலும் சரி, என் மகள் ஓடி வந்துவிடுவாள். “அம்மா, கண்ணத் தொறந்துகினு அழுத்து!” என் கணவர் அடுத்த அறையிலிருந்து, “சாமிக்கா, ஆளுக்கா?” என்று கேட்பார்.

நான் அதே பட்டறையில்தான் இருக்கிறேன். இப்போது மூன்று கம்ப்யூட்டர்கள். யார் புதிதாக வேலைக்குச் சேர்ந்தாலும் மல்லிகா அக்கா முதலில் மிஷினின் மூடியைக் காட்டுவார், அப்புறம் மாடத்தைக் காட்டுவார். கடைசியில், இன்னும் சரியாக மடங்காத அந்த ஆள்காட்டி விரலை என் பக்கம் நீட்டி, “இந்தம்மாதான் புள்ளையாருக்குப் பல்லு ஒடஞ்ச கேசு எழுதினது” என்பார். அந்த விரல் என்னைக் காட்டுவதற்கென்றே நீட்டி வைத்தது போல இருக்கும்.