தொப்பிக் கடை நம்பர்

“வேற்றுக்கிரகவாசி எதுக்கும்மா தொப்பிக் கடையைத் தேடறான்?”

ஞாயிற்றுக்கிழமை காலை, நூலக மாடியில், ஒன்பது பேருக்கு முன்னால் திரைக்கதை வாத்தியார் இப்படிக் கேட்டதும் விசாரணையம்மா திருதிருவென்று விழித்தாள். முப்பத்தாறு வருஷம் தொலைபேசி நிலையத்தின் விசாரணைப் பிரிவில் உட்கார்ந்து, யார் எந்த நம்பரைக் கேட்டாலும் டைரக்டரியைப் புரட்டிப் பதில் சொன்னவள் அவள். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவள் விசாரணையம்மாதான். கேட்ட கேள்விக்குப் பதில் இல்லாமல் நிற்பது அவளுக்குப் பழக்கமே இல்லை.

“தலையில குளிருமோ என்னவோ, சார்.”

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. அவருக்கு வயது முப்பதுகூட இருக்காது. ஆனாலும் சினிமாவில் இரண்டு படத்துக்கு வேலை பார்த்தவர் என்பதால் அவர் சிரித்தால்தான் சிரிப்பு.

“விஞ்ஞானக் கதைன்னா ராக்கெட்டும் பச்சைத் தோலும் மட்டும் இல்லம்மா. அந்த உலகத்துல நடக்கற எதுக்கும் ஒரு காரணம் வேணும். கண்ணுல தெரியறது, காதுல கேக்கறது, இதைத்தான் எழுதணும்னு சொன்னேன், அழகா எழுதியிருக்கீங்க. ஆனா ரெண்டு ஓட்டை. ஒண்ணு தொப்பி. இன்னொண்ணு, ஏழு மாசம் தினமும் நாலு மணிக்கு அந்தப் பொண்ணைப் போன்ல கூப்பிட்டவன் திடீர்னு ஏன் நிறுத்திட்டான்?”

“அது தெரியலையே சார்.”

“எழுதறவங்களுக்கே தெரியலைன்னா கதை முடியலைன்னு அர்த்தம். லைன் கட் ஆகியிருக்கு, அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு கீழ் அரங்கத்துல நடிகர்களை வச்சு ஒரே ஒரு கதையைத்தான் வாசிக்கப் போறோம். முடிவோட வாங்க, அது உங்க கதையா இருக்கும்.”

விசாரணையம்மா நோட்டை மூடிக்கொண்டாள். வாத்தியாரிடம் சொல்ல முடியாத விஷயம் ஒன்று இருந்தது. அந்த வேற்றுக்கிரகவாசி அவளுடைய கற்பனை இல்லை.

அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. நீள மேஜை, ஆறு பெண்கள், ஆறு ஹெட்போன்கள், ஓரம் நைந்த டைரக்டரிகள், முதுகுக்குப் பின்னால் உலாத்தும் சூப்பர்வைசர். கேட்ட நம்பரைச் சொல்ல வேண்டும், கூட ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு நாள் நாலு மணிக்கு ஒரு குரல் கேட்டது.

“இந்த ஊர்ல இருக்கற தொப்பிக் கடை நம்பர் வேணும்.”

அவள் தேடிப் பார்த்துவிட்டு, “அப்படி எந்தக் கடையும் இல்லை, சார்” என்றாள்.

“சரி, நாளைக்குப் பார்க்கறேன்.”

மறுநாள் நாலு மணிக்கு அதே குரல். அதற்கு மறுநாளும். முதல் வாரம் எரிச்சலாக இருந்தது. இரண்டாவது மாதம், மூன்றே முக்காலுக்கே அவள் தலையை வாரிக்கொள்ள ஆரம்பித்தாள். போனில் தலை தெரியாது என்பது விசாரணைப் பிரிவில் வேலை பார்ப்பவளுக்குத் தெரியாதா என்ன, ஆனாலும் வாரிக்கொண்டாள்.

அந்தக் காலத்து லைனில் யார் பேசினாலும் தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து பேசுவது போலத்தான் இருக்கும். இந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு சத்தமும் வரும். கடகடகடவென்று நீளமாக ஒரு ஓட்டம், சட்டென்று ஒரு நிறுத்தம், அப்புறம் குட்டியாக இரண்டு ஓட்டம். ரயில் என்றாள் ஒருத்தி. அச்சாபீஸ் என்றாள் இன்னொருத்தி. “இந்த ஊர்ல வந்து தொப்பி கேக்கறவன் பூமியில இருந்தே பேசலடி, அது விண்கலம்” என்றாள் பக்கத்து நாற்காலிக்காரி. விசாரணையம்மாவின் திரைக்கதை பிறந்த இடம் அதுதான்.

ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள் நாலு மணி அடித்தது, குரல் வரவில்லை. ஒரு வாரம் அவள் டைரக்டரியைத் தொப்பி வர வேண்டிய பக்கத்திலேயே திறந்து வைத்திருந்தாள். உடம்புக்கு ஏதாவது ஆகியிருக்குமோ, செத்துக்கித்துப் போயிருப்பானோ என்று அன்றைக்குப் பிடித்த கவலை முப்பத்தொன்பது வருஷமாக மனசின் ஒரு மூலையில் அப்படியே இருந்தது. வாத்தியார் கேட்ட முடிவு அரங்கத்துக்கு வேண்டுமோ இல்லையோ, அவளுக்கு வேண்டும்.

வீட்டில் அவள் கணவர் தண்ணீர்க் கட்டணத் தாளின் பின்பக்கத்தில் அலமாரி ஒன்றின் படம் போட்டுக்கொண்டிருந்தார். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்ற மனிதர். அளக்காமல் ஒரு கோடு போடமாட்டார், அவசியமில்லாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார். நிலையத்துப் பெண்களுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த தையல்காரிதான், “எங்க அண்ணனுக்கு உங்களைக் கேக்கட்டுமா?” என்று ஆரம்பித்து இந்த வரனைக் கொண்டுவந்தாள். அப்படித் தையல்காரி நாத்தனார் ஆனாள்.

“ஏங்க, ஒருத்தன் ஊர்லயே இல்லாத கடையோட நம்பரை எதுக்குத் தினமும் கேப்பான்?”

பென்சில் நின்றது.

“இருக்கற கடையைக் கேட்டா முதல் நாளே நம்பரைக் குடுத்துடுவாங்க. அப்புறம் எந்த முகத்தோட மறுநாள் கூப்பிடறது?”

விசாரணையம்மா வாயைப் பிளந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் இத்தனை நீளமாக எதையும் விளக்கியதில்லை. அப்படியே எழுதிக்கொண்டாள்.

“அப்ப ஏன் நிறுத்தினான்?”

“அது எனக்கெப்படித் தெரியும்?” என்று அவர் பென்சிலைச் சீவப் போய்விட்டார். அது ஏற்கெனவே ஊசி மாதிரிதான் இருந்தது.

திங்கட்கிழமை முதல் முடிவு தயாரானது. கிரகம் வெடித்துவிட்டது, அதனால் போன் வரவில்லை. படித்துப் பார்க்கச் சொல்லிக் கணவரிடம் கொடுத்தாள். தாள் திரும்பி வந்தபோது ஓரத்தில் குட்டிக் குட்டி எழுத்தில் குறிப்புகள் இருந்தன. ‘பக்கம் 3: மூக்கு இவ்வளவு நீளம் வேண்டாம். பக்கம் 5: எட்டுக் கை எதற்கு, இரண்டு போதும். பக்கம் 20: கிரகம் வெடிக்க அவசியமில்லை.’

“வெடிக்கலைன்னா கதை எப்படி முடியும்?”

“பாவம், தொப்பி கேட்டதைத் தவிர அவன் என்ன தப்பு பண்ணினான்?”

சோகம் அவருக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, செவ்வாய்க்கிழமை அவனை ஒற்றனாக்கினாள். ஏழு மாதம் பூமியின் மொழியைக் கற்றுக்கொண்டு, எட்டாவது மாதம் படையெடுத்து வருகிறான். கணவர் அதைப் படித்துவிட்டு மத்தியானம் சாப்பிட உட்காரவில்லை.

“தொப்பி தொப்பின்னு கேட்டுக்கிட்டிருந்த அப்பாவி படையெடுப்பானா? எழுதறதுக்கு ஒரு நியாயம் வேணாம்?”

“நீங்க எதுக்கு அவனுக்காக வக்காலத்து வாங்கறீங்க?”

அவர் தாளை அவள் கையில் திணித்துவிட்டு அலமாரிப் படத்தை எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை வாத்தியாருக்குப் போன் செய்தாள். இல்லாத கடையைப் பற்றிய விளக்கத்தைக் கேட்டதும் மறுமுனையில் அவர் குரல் உயர்ந்தது.

“அம்மா, இதை யார் சொன்னது? பிரமாதம். அப்ப அவன் ஆராய்ச்சிக்கும் வரல, வேவு பார்க்கவும் வரல. அந்தப் பொண்ணு குரலைக் கேக்கத்தான் கூப்பிட்டிருக்கான். இது காதல் கதைம்மா.”

விசாரணையம்மாவுக்குக் காது சூடாகிவிட்டது. அறுபத்தொரு வயதில் இது தேவையா? இதைக் கணவர் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டார், அதனால்தான் மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவளாகவே முடிவு கட்டினாள். அவர் மனசை ஆற்ற வேண்டும். வியாழக்கிழமை மூன்றாவது முடிவு எழுதினாள். அந்த உதவாக்கரைக்கு வேறொரு கிரகத்தில் இதைவிட இனிமையான குரலில் ஒரு ஆபரேட்டர் கிடைத்துவிட்டாள், அதனால் இவளை மறந்துவிட்டான்.

இந்த முறை தாளில் ஒரே ஒரு குறிப்புதான் இருந்தது. ‘பொய்.’ பென்சில் தாளைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போயிருந்தது. கணவர் சுள்ளென்ற வெயிலில் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எங்கோ நடக்கப் போய்விட்டார்.

அவர் திரும்பி வரும்வரை அவள் வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தாள். இனி மறைத்துப் பயனில்லை.

“உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். இது கதை இல்ல. நிஜமாவே ஒருத்தர் கூப்பிட்டார், நம்ம கல்யாணத்துக்கு முன்னாடி. நான் அவரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்ல.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

அவர் குடையை விரித்தார், மடக்கினார். “படிச்சா தெரியாதா?”

“தப்பா எதுவும் இல்லீங்க. உசிரோட இருக்காரா, நல்லா இருக்காரா, அது மட்டும் தெரிஞ்சா போதும். இத்தனை வருஷமா அடிச்சுக்குது.”

அவர் அவளையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, “நல்லாத்தான் இருப்பான்” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். மனுஷர் எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் வீட்டிலேயே ஒத்திகை. முடிவு இன்னும் வரவில்லை. சத்தத்தையாவது சரியாகக் கொண்டுபோவோம் என்று விசாரணையம்மா டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கினாள், மேஜை விசிறியில் அட்டையைக் கொடுத்துப் பார்த்தாள். எதுவும் அந்தச் சத்தமாக இல்லை. பார்க்கச் சகிக்காமல் கணவர் இரண்டு ஸ்பூன்களை எடுத்து பிஸ்கட் டின் மூடியில் தட்டினார்.

நீளமாக ஒரு ஓட்டம். சட்டென்று ஒரு நிறுத்தம். குட்டியாக இரண்டு ஓட்டம்.

அவளுக்குப் புல்லரித்தது. ஒரு நொடி அந்த நீள மேஜையும் ஹெட்போனும் கண்ணுக்குள் வந்து போயின. கை தானாகத் தலைமுடியை ஒதுக்கியது.

“அச்சு அசல் அதேதான். எப்படிங்க?”

“நீ எழுதியிருக்கறதைத்தான் தட்டறேன்” என்றார் அவர், டின்னைப் பார்த்தபடி.

வேற்றுக்கிரகவாசியின் வசனத்தைப் படிக்க நாத்தனாரை வரச் சொல்லியிருந்தார்கள். கழுத்தில் அளவு டேப்போடு வந்தவள் செருப்பைக் கழற்றாமலே வாசலில் நின்று ஸ்பூன் சத்தத்தைக் கேட்டாள். அப்புறம் உள்ளே வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தாள். அண்ணன் டின்னுக்குப் பின்னாலிருந்து தலையை ஆட்டினார், கண்ணைக் காட்டினார், கடைசியில் கையெடுத்தே கும்பிட்டார். அவள் எதையும் கவனிக்கவில்லை.

“இது விண்கலத்தோட சத்தம்மா” என்று விசாரணையம்மா விளக்கினாள். “எல்லாம் சரியா வந்துடுச்சு. அவன் ஏன் போனை நிறுத்தினான்னுதான் யாருக்கும் தெரியலை.”

நாத்தனார் தாளைக் கீழே வைத்தாள்.

“விண்கலமாவது ஒண்ணாவது, அது என் தையல் மெஷின், அண்ணி. நான் தைச்சுக்கிட்டிருந்த துணிக்கடை போன்ல ஏழு மாசம் தொப்பிக் கடை நம்பர் கேட்டுக்கிட்டு நின்ன ஆளு, உங்க வீட்டுக்கே வந்து உங்களைக் கேட்டதுக்கப்புறம் எதுக்குப் போன் பண்ணணும்?”