பயாஸில் கை வைத்தேன்

இந்த வீட்டுக்குள் புதுக் கம்ப்யூட்டர் வந்தால் என் பேரையே மாற்றிக்கொள்கிறேன் என்று சபதம் செய்தேன். சத்தமாகவே செய்தேன். மனைவி வீட்டிலிருந்தபடி புத்தகங்களுக்கு அட்டை வடிவமைக்கிறாள். எங்கள் பழைய கம்ப்யூட்டர் ஒரு படத்தைத் திறப்பதற்குள் எழுத்தாளர் அடுத்த புத்தகத்தையே எழுதி முடித்துவிடுகிறாராம்.

"புதுசு ஒண்ணு வாங்கிடலாங்க."

"எதுக்கு? மதர்போர்டுல பயாஸ்னு ஒண்ணு இருக்கு. அதுக்குள்ள யாருக்கும் தெரியாத செட்டிங் எத்தனையோ இருக்கு. நாலைத் தட்டிவிட்டா பறக்கும்!"

"பயாஸ்கோப்பா?"

"பயாஸ்! கம்ப்யூட்டர்ல முதல்ல எழுந்து மத்த எல்லாரையும் எழுப்பிவிடறது அதுதான்."

"அப்போ நம்ம வீட்டுக்கு நான்தான் பயாஸ்."

மேதைகள் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"சரி, ஞாயித்துக்கிழமை பண்ணுங்க. அதுக்குள்ள நான் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூசி தட்டி வைக்கிறேன்" என்றாள். என் அறிவின் மேல் அவளுக்கு இத்தனை நம்பிக்கையா! நெகிழ்ந்து போனேன்.

ஞாயிறு வந்தது. பயாஸைத் திறந்தேன். திரை முழுக்க ஆங்கிலச் சுருக்கச் சொற்கள். பாதி எனக்குப் புரியவில்லை. மீதி புரிந்ததாக வைத்துக்கொண்டேன். 'ஆஃப்' என்றிருந்ததை 'ஆன்' ஆக்கினேன். பல இடங்களில் 'ஆட்டோ' என்று இருந்தது. ஆட்டோவில் போனால் எப்போது போய்ச் சேருவது? அதையும் மாற்றினேன்.

பறந்தது ஐயா, பறந்தது! கண்ணை மூடித் திறப்பதற்குள் அட்டைப்படம் திரையில் வந்து நின்றது.

"பார்த்தியா? பார்த்தியா?"

"கெட்டிக்காரர்தாங்க நீங்க."

கல்யாணமான நாளிலிருந்து இந்த ஒரு வார்த்தைக்குத் தவம் கிடந்தவன் நான். அப்புறம் என்னைப் பிடிக்க முடியுமா? மாடிப்படியில் சொன்னேன். ஆபீஸ் லிஃப்டில் சொன்னேன். வழி கேட்க வந்தவரை நிறுத்தி வைத்துச் சொன்னேன்.

மறுநாள் மாலை எதிர்வீட்டு வக்கீல் தன் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார்.

"சார், நீங்க கை வச்சா பறக்குதாமே! நாளைக்குக் கேஸு. எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"உக்காருங்க. அஞ்சே நிமிஷம்!"

அதே செட்டிங். அதே விரல். அவருடையது பறக்கவில்லை, நகர்ந்தது. இன்னும் கொஞ்சம் மாற்றினேன். நகர்வதும் நின்றது. வக்கீல் குறுக்கு விசாரணையில் இறங்கிவிட்டார்.

"உங்களோடது மட்டும் எப்படி சார் ஓடுது?"

"அது... ஒரு நிமிஷம்."

உள்ளே ஓடினேன். மனைவி ஜம்மென்று அட்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"மானம் போகுது! நம்மளோடதுக்குப் பண்ணின ஏதோ ஒரு செட்டிங்கை அவருக்குப் பண்ணாம விட்டுட்டேன்!"

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"ஆமாங்க. சனிக்கிழமை என் தம்பி வந்து, நம்ம பெட்டிக்குள்ள இருந்ததை எல்லாம் கழட்டிப் போட்டுட்டுப் புதுக் கம்ப்யூட்டரை வச்சு மூடிட்டுப் போனானே, அந்தச் செட்டிங்."