பாசிக்கு ஒரு நல்ல இருட்டு

ஃபிலிமில் மறுபடியும் கறுப்புப் புள்ளிகள். ஒன்றுகூட இருக்கக் கூடாத இடத்தில் அம்மை வார்த்த மாதிரி இருந்தது. எல்ஸ்வர்த் தலையில் கைவைத்துக்கொண்டான்.

"இருட்டுல வெச்ச பாசியா இது?" பக்கத்து மேசை மெரிட் எட்டிப் பார்த்தான். "வெளிச்சத்துல இருந்ததைவிடச் செழிப்பா இருக்கேடா!"

அமெரிக்காவின் பெர்க்லி நகரத்து அந்த ஆய்வகத்தில் எல்லோரும் துரத்தியது ஒரே வாயுவைத்தான். கதிரியக்க அடையாளமிட்ட கரியமில வாயுவைப் பாசிக்கு ஊட்டுவார்கள். சில நொடிகளில் பாசியைக் கொதிக்கும் ஆல்கஹாலில் கொட்டிக் கொல்வார்கள். சாற்றைத் தாளில் பரப்பி, மேலே எக்ஸ்ரே ஃபிலிமை வைத்தால், கார்பன் புகுந்த ஒவ்வொரு பொருளும் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

எல்ஸ்வர்த்தின் பங்கு சின்னது. இருட்டில் பாசி சும்மா இருக்கும் என்று வெற்று ஃபிலிமைக் காட்ட வேண்டும். மாதக் கடைசிக் கூட்டத்துக்குள் காட்டாவிட்டால் வேலை போய்விடும்.

குடுவைக்குக் கறுப்புத் துணி சுற்றினான். புள்ளிகள் பெருத்தன. ஜன்னல்களுக்குத் தார்க்காகிதம் ஒட்டினான்.

"டேய், என் காபி எங்கடா?" என்றது இருட்டில் மெரிட்டின் குரல்.

"இப்பத்தானே குடிச்சே?"

"அது காபியா!"

புள்ளிகள் இன்னும் பெருத்தன.

பாசி வளர்க்கும் ஐடெல்லாவிடம் ஓடினான். "இனிமே சோதனைக்கு முந்தின நாளே அலமாரியில வெச்சுப் பூட்டிடுங்க. பொட்டு வெளிச்சம் படக்கூடாது."

"பச்சப் புள்ளைங்க டாக்டர். வாடிப்போயிடும்."

"வாடட்டும்."

அவள் முகம் சுண்டிவிட்டது. "சரிங்க" என்றாள்.

எல்ஸ்வர்த்தே அலமாரியிலிருந்து குடுவையை எடுத்து, துணியில் பொதிந்து, இருட்டறைக்கு ஓடினான். வாயுவை ஏற்றினான். ஃபிலிமைக் கழுவிப் பார்த்தால், இதுவரை வந்ததிலேயே கருகருவென்ற புள்ளிகள்.

பேராசிரியர் ஹேவர்கேம்ப் ஃபிலிமை விளக்குமேசையில் வைத்து வெகுநேரம் குனிந்திருந்தார்.

"இருட்டுல பாசி வேலைநிறுத்தம் பண்ணும்னு சொன்னே. ஓவர்டைம் பாக்குதேப்பா!"

"மன்னிச்சிடுங்க சார்."

"எதுக்கு? இங்க வந்து பாரு."

எல்ஸ்வர்த் குனிந்தான். இத்தனை வாரங்களில் முதல்முறையாகக் கோபமில்லாமல் பார்த்தான். வெளிச்சத்தில் விழும் அதே புள்ளிகள், அதே இடங்களில். கண்ணுக்கே தெரியாத ஓர் உயிர், நீட்டின கை தெரியாத கும்மிருட்டில், காற்றைப் பிடித்துச் சர்க்கரையாக மாற்றியிருக்கிறது. வெளிச்சத்தில் செய்யும் வேலையில் ஒரு படியைக்கூடத் தாண்டிக் குதிக்கவில்லை.

"அழகா இருக்கு சார்" என்றான், தன்னையறியாமல்.

"அழகுதான். ஆனா வெளிச்சமே இல்லாம எந்தத் தெம்புல இதைச் செய்யுது? நாளைக்குக் கூட்டத்துல அதைத்தான் கேப்பாங்க. பதில் இருந்தா நீ இங்க இரு. இல்லேன்னா..."

காலிக் குடுவையை எடுத்துப்போக வந்த ஐடெல்லா வாசலிலேயே நின்று மேலங்கியின் நுனியைக் கசக்கினாள்.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர். நீங்க இருட்டைக் கூட்டக் கூட எனக்கு மனசு கேக்கலை, நானும் வெளிச்சத்தைக் கூட்டிட்டேன். உங்க காலடிச் சத்தம் கேக்கற வரைக்கும் பெரிய விளக்கடியிலதான் வெச்சிருப்பேன், கேட்டதும் அலமாரியில வெச்சிடுவேன். வயிறு முட்ட வெளிச்சம் குடிச்சிட்டுத்தான் அதுங்க உங்க இருட்டுக்கே வரும்!"