கறி கொட்டிய வாசலுக்குக் கண்ணாடிப் பூச்சு

தண்ணீர்மலை அடிவாரம்,
பினாங்கு.

பாசமும் மரியாதையும் கொஞ்சம் பயமும் கலந்த தங்கராஜு அண்ணனுக்கு, தங்கை ரமணி கைகூப்பி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மச்சானும் ஷர்மினியும் நலம். நிபோங் திபாலில் நீங்கள், அண்ணி, உங்கள் சர்க்கரை, உங்கள் முழங்கால், உங்கள் கோபம் எல்லாம் ஏறாமல் இறங்காமல் இருக்கத் தண்ணீர்மலை முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

முதலில் என் மானம் போன கதையை நானே சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒரு நாள் வெறுங்காலோடு கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்தேன். செருப்பு இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால் அது நம் வீட்டு முன்வாசல் தரையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. நான் காலை மட்டும் உருவிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருவிலிருந்து திரும்பிப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி என் செருப்பைப் போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் நிற்பது போல இருந்தது. பக்கத்து வீட்டு நோர்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன லா ரமணிக்கா, காவடி எடுக்கப் போறீங்களா, வெறுங்கால்ல?" என்று கேட்டாள். பால் வாங்கப் போகிறேன் என்றேன். "அப்போ பால்குடமா?" என்றாள். அவள் வாய்க்கு ஒரு பூட்டு இந்த ஊரில் விற்கவில்லை.

ஏன் செருப்பு ஒட்டியது, அதற்கும் உங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எல்லாச் சம்பந்தமும் உங்களோடுதான். இதை வாட்ஸ்அப்பிலேயே சொல்லியிருப்பேன். தீபாவளியிலிருந்து நான் அனுப்புவதற்கெல்லாம் ஒற்றை டிக்தான் விழுகிறது. தபால்காரரை யாராலும் பிளாக் பண்ண முடியாது என்பதால் கடிதம். ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான், உங்களுக்கே தெரியும். ஆகவே இதில் சந்தி, ஒற்று எல்லாம் ஷர்மினி போட்டது. கேலி மட்டும் என்னுடையது.

அண்ணே, வருகிற மாதம் ஷர்மினிக்கு நிச்சயம். மாப்பிள்ளை தனேஷ், பட்டர்வொர்த் பையன், நல்ல பையன், நான் செய்யும் கேலிக்கு இதுவரை அழவில்லை. அவர்கள் வீட்டார் வரும்போது தாய்மாமன் தட்டு ஏந்தி முன்னால் வர வேண்டும். அந்த இடத்தில் வேறு யாரையாவது நிறுத்தலாம் என்று ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். "மாமா வரலன்னா நிச்சயமும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்று பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீங்களோ தீபாவளியன்று மழையில் நம் வாசல் பாசியில் வழுக்கி, அண்ணி ஆசையாக வைத்துக் கொடுத்த ஆட்டுக்கறிக் குழம்புச் சட்டியோடு அப்படியே உட்கார்ந்தீர்கள். சட்டி கவிழ்ந்தது, வந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நீங்கள் எழுந்து, "இந்தத் தரையில இனிமே என் கால் படாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனீர்கள். சொன்னால் சொன்னதுதான் என்பது நம் அப்பா உங்களுக்கு விட்டுப்போன ஒரே சொத்து.

இதையெல்லாம் உங்கள் மச்சான் புவனேஸ்வரன் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வாய் திறந்து மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர். அதனால் தரையைத் தேய்க்க ஆரம்பித்தார். ஃபேக்டரி விட்டு வந்தவுடன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு முட்டி போட்டுவிடுவார். பாசி போனது, டயர் தடம் போனது, சிமெண்டு வெளுத்துப் பிறந்த குழந்தை மாதிரி ஆனது. நீங்கள் உட்கார்ந்த இடம் மட்டும் மஞ்சளாக, கறி வாசனையாக இருந்தது. பாத்திரம் கழுவும் சோப்பைக் கொட்டி அதையும் தேய்த்தார். மறுபடியும் பாசி பிடிக்காமல் இருக்க மேலே ஏதாவது பூச வேண்டும் என்று அலாவுதீன் பாய் ஹார்டுவேர் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

பாய் இரண்டு டின்னை எடுத்து வைத்தார். "சீலர்ல ரெண்டு வகை இருக்கு. இது சிமெண்டுக்குள்ள இறங்கிடும், தண்ணிய உள்ள விடாது, ஆனா பூசுனதே வெளிய தெரியாது. இது மேல கண்ணாடி மாதிரி நிக்கும், பளபளன்னு இருக்கும். உங்களுக்கு எது?" உங்கள் மச்சான் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பூசியதே தெரியாத பொருளை நம் ஆட்கள் யாராவது வாங்கியிருக்கிறார்களா? "பளபளப்பே குடுங்க பாய்" என்றோம், இரண்டு பேரும் ஒரே குரலில். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் ஒன்றாகப் பேசிய முதல் வாக்கியம் அது. "ஈரம் இருக்கக் கூடாது, எண்ணெய்க் கறை இருக்கக் கூடாது லா, இருந்தா ஒட்டாது" என்று பாய் பின்னாலேயே வந்து சொன்னார். நாங்கள் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டோம்.

அண்ணே, கட்டிக்கொண்டவரைப் புகழ்வதாக நினைக்காதீர்கள், ஆனால் அந்த மனிதரைப் போலப் பொறுமையை நான் வேறு யாரிடமும் பார்த்ததே இல்லை. ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் தூக்கி அடியில் வேர்த்திருக்கிறதா என்று பார்த்தார், தரைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. வேர்க்கவில்லை. சாயங்காலம் வந்து பூசுகிறேன் என்று சந்தோஷமாக வேலைக்குப் போனார். அன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வாசல் கழுவாமல் எப்படி விடுவது? அவர் தலை மறைந்ததும் நான் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவி, மஞ்சள் நீர் தெளித்து, ஓரமாகச் சின்னதாக ஒரு கோலமும் போட்டுவிட்டேன். மதியத்துக்குள் எல்லாம் காய்ந்தது போலத்தான் இருந்தது. அவரும் வந்தார், ரோலரை எடுத்தார், ஒரே தடவையில் முடித்துவிடலாம் என்று தோசை மாவு போலத் தடிப்பாக இழுத்துவிட்டார்.

விடிந்து பார்த்தால் வாசல் முழுக்க வெள்ளை வெள்ளையாகத் திட்டு. பால் திரிந்தது மாதிரி. காயவும் இல்லை. என் செருப்பு மாட்டியது அன்றுதான். நோர்மா வேலிக்கு மேலே வந்து, "அண்ணே, தரைக்குத் தேமல் வந்திருக்கு, கிளினிக்ல காட்டுங்க" என்றாள். உங்கள் மச்சான் முட்டி போட்டு நகத்தால் சுரண்டிப் பார்த்து, "அடியில ஈரம் மாட்டிக்கிச்சு. நேத்து காஞ்சுதானே இருந்துச்சு, எங்கிருந்து வந்துச்சு?" என்று தலையைச் சொறிந்தார். நான் அவசரமாகத் தேத்தண்ணீர் போட உள்ளே போனேன். ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், மனிதர் நகர்ந்து நகர்ந்து அந்த ஓரத்துக்குப் போய்விட்டார். பூச்சுக்கு அடியில் என் கோலம் அப்படியே இருக்கிறது, அரிசிமாவுக்கு வந்த ஒரு எறும்போடு. வெகு நேரம் குனிந்து பார்த்தார். எழுந்து வந்து தேத்தண்ணீரை வாங்கிக் குடித்தார். "கோலம் நல்லா இருக்கு ரமணி" என்றார். அவ்வளவுதான். இன்னொருவராக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பார். நானாக இருந்தால் இந்நேரம் பட்டர்வொர்த் வரை தெரிந்திருக்கும்.

பிறகு அவரே விசாரித்துத் தெரிந்துகொண்டார். எல்லாவற்றையும் சுரண்டி எடுக்க வேண்டியதில்லையாம். மழை இல்லாத நாளாகப் பார்த்து, அந்தப் பூச்சுக்கு உரிய தின்னரை மேலே மெல்லிசாக ரோலரால் தடவினால் அது இளகும், மாட்டிக்கொண்ட ஈரம் வெளியே போகும், மறுபடி தெளிந்து படியும். வாடை மண்டையைப் பிளந்தது. முகமூடி போட்டுக்கொண்டார், கேட்டைத் திறந்து வைத்தார், சாமி விளக்கைக்கூடக் கும்பிட்டு அணைத்தார், அடுப்புப் பக்கம் போகாதே என்றார். அன்றைக்கு எங்களுக்குக் கடை ரொட்டி சானாய். தரைக்கு மாதம் ஒரு முறை தேமல் வரக்கூடாதா என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் பார்த்தால், அண்ணே, வெள்ளை எல்லாம் போய்த் தரை ஈரக் கருங்கல் மாதிரி தெளிந்து கிடக்கிறது! குழல் விளக்கு அதில் நீளமாகத் தெரிகிறது. நோர்மா குனிந்து பார்த்து முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். கோலமும் இருக்கிறது, எறும்பும் இருக்கிறது. ஆயுசுக்கும் அழியாத கோலம் போட்டவள் இந்தத் தெருவில் நான் ஒருத்திதான்.

அடுத்த நாள் மழை. நோர்மாவின் பூனை வழக்கம் போல நம் கேட்டுக்கு அடியில் புகுந்து ஓடி வந்தது. ஓடியது பாதி, மீதியைத் தரையே கொண்டுபோய்ச் செருப்பு அலமாரியில் சேர்த்தது. பூனை எழுந்து, ஒன்றும் நடக்காதது போல நக்கிக்கொண்டது. எனக்கு உங்கள் ஞாபகம் வந்தது. உங்கள் மச்சானுக்கும் வந்திருக்க வேண்டும், முகம் செத்துவிட்டது. "மச்சான் வழுக்கக் கூடாதுன்னுதானே இவ்வளவும் செஞ்சேன்" என்றார், பூனையைப் பார்த்து. அந்தக் குரலை நீங்கள் கேட்டிருந்தால் அப்போதே பிளாக்கை எடுத்திருப்பீர்கள்.

மறுபடி அலாவுதீன் பாய். "சீலர்ல கலக்குற தூள் ஒண்ணு இருக்கு, பொடி மணல் மாதிரி. ரெண்டாவது கோட்ல கலந்து மெல்லிசா இழுங்க. மெல்லிசா! பரோட்டாவுக்கு எண்ணெய் தடவுற மாதிரி, ஊத்துற மாதிரி இல்ல" என்றார். இந்தத் தடவை நான் வாளியை நோர்மா வீட்டில் கொடுத்து வைத்துவிட்டேன், என் கையை நானே நம்பவில்லை. மெல்லிசாக இழுத்தார். நன்றாகக் காயவிட்டார். பளபளப்பு கொஞ்சம் மங்கியது, ஆனால் கால் வைத்தால் பிடிக்கிறது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை எழுதத்தான் இத்தனை காகிதமும். குழாயைத் திறந்து வாசலை நனைத்தார். வேட்டி கட்டினார். சீர்த்தட்டை எடுத்து, அதில் கனத்துக்கு ஒரு பூசணிக்காயை வைத்து, கேட்டிலிருந்து கதவு வரைக்கும் நடந்தார். எப்படி? உங்களைப் போல! வயிற்றை முன்னால் தள்ளி, தலையை நிமிர்த்தி, தரையைப் பார்க்காமல், பத்துமலைக் கோயிலுக்கே தலைவர் மாதிரி. "என்ன லா அண்ணே இது?" என்று நோர்மா கேட்டதற்கு, "எங்க மச்சான் இப்படித்தான் நடப்பாரு. அவரு கீழ பார்த்து நடக்க மாட்டாரு. அவரு ஏன் பார்க்கணும்? தரைதான் ஒழுங்கா இருக்கணும்" என்றார். அண்ணே, நான் யாரையும் விட்டுவைக்காதவள். அன்றைக்கு அந்த மனிதரைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் சபதத்துக்கும் அவரே வழி கண்டுபிடித்திருக்கிறார். அந்தத் தரையில் கால் படாது என்றுதானே சொன்னீர்கள்? அந்தத் தரை இப்போது அடியில் இருக்கிறது. மேலே இரண்டு கோட் சீலர். இனி நீங்கள் என்ன, யார் நினைத்தாலும் அந்தத் தரையில் கால் படாது, எறும்பைக் கேளுங்கள். ஆகவே வாக்கும் காப்பாற்றப்பட்டது, மருமகளும் கதவைத் திறப்பாள். தாராளமாக, தைரியமாக, மேலே பார்த்துக்கொண்டே வாருங்கள். வழுக்காது, இதற்கு நான் பொறுப்பு.

அண்ணிக்கு என் அன்பு, அவர் வைத்த கறிக்கு என் அனுதாபம். நீங்கள் வந்ததும் ஷர்மினியும் நானும் உங்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவோம். விழுவதற்கு இப்போது வசதியான தரை இருக்கிறது.

என்றும் உங்கள் வாயாடித் தங்கை,
ரமணி.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் உங்கள் மச்சான் கடைசியாக ஒரு தடவை நடந்து பார்க்கிறேன் என்று பூசணிக்காயோடு இறங்கினார். குழம்பு கொட்டிய இடத்தில் மட்டும் பூச்சு அப்பளம் போல எழும்பியிருக்கிறது. பாய் சொன்ன எண்ணெய் அங்கே இருந்திருக்கிறது. மேலே பார்த்து நடந்ததால் அவருக்குத் தெரியவில்லை. கட்டைவிரல் மாட்டியது. இப்போது நீங்கள் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். நோர்மா பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை என்று எழுதச் சொல்கிறார், எழுதிவிட்டேன். அந்த இடத்தில் பழைய தரை தெரிகிறது, தாண்டி வரவும். பூசணிக்காய் உடைந்துவிட்டது. வரும்போது ஒன்று வாங்கி வரவும்.