மேஜரின் முகமும் றுவைஸின் காலும்

பட்டாளத்து ஓவியர் என்றொரு பிறவி உண்டு, கண்டிருக்கிறீர்களா? திருகோணமலைத் துறைமுகப் பக்கம் போனால் முகாம் சுவரை ஒருக்கால் பாருங்கள். சிரித்தபடியே முட்கம்பி தாண்டும் வீரர், வியர்வை இல்லாமல் மூட்டை சுமக்கும் வீரர், மடிப்புக் கலையாத சட்டையோடு சேற்றில் தவழும் வீரர் என்று அத்தனை பேரையும் படைத்தவர் அவர்தான். அவருடைய படத்தில் நுளம்பு கடிக்காது. லீவு கேட்டு ஒருத்தனும் அலைய மாட்டான். அதிகாரிக்குத் தொந்தியா? மூச்சு விடக்கூடாது!

கோப்பரல் ஜெமீலை எடுத்துக்கொள்வோம். படைப்பிரிவின் ஆண்டு விழாவுக்குச் சாப்பாட்டு மண்டபச் சுவரில் ஒரு வெள்ளக் காட்சி கீறச் சொன்னார்கள். தம்பலகாமம் தண்ணீருக்குள் கிடந்த நாளில் அந்தப் பிரிவின் படகோட்டி றுவைஸ் ஒரு கிழவரை முதுகில் சுமந்துகொண்டு குளக்கட்டில் ஏறினானே, அந்தக் காட்சி. ஜெமீலுக்கு அப்போது நல்ல மனசுதான். கிழவருக்குப் பதிலாக ஓர் அரிசி மூட்டையை முதுகில் ஏற்றி, றுவைஸைப் பின்னேரம் முழுக்க நிற்கவைத்து, முழங்காலுக்குக் கீழே இருந்த தழும்பைக்கூட விடாமல் கீறினார்.

றுவைஸ் உடனே கிண்ணியாவுக்குப் போன் எடுத்தான். "உம்மா, விழாவுக்குக் கட்டாயம் வாங்க. சுவரில என்ட படம் இருக்கு."

அடுத்த நாள் மேஜர் வந்தார். வெள்ளத்தன்று கொழும்பில் கலியாண வீட்டில் இருந்தவர். படத்தைப் பார்த்து, "யாரிது?" என்றார். தன் படகோட்டியின் முகமே தெரியாத மனிதர், தெரியாமல்தான் கேட்டார். ஆனால் நம் ஓவியர் வேறு கணக்குப் போட்டார். யாரிது என்றால் என்ன அர்த்தம்? ஏன் நானில்லை என்றுதானே?

"நீங்கதான் சேர்! முகம் இன்னும் முடியல்ல."

மேஜர் மறுத்தாரா? தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

விழாவுக்கு றுவைஸின் உம்மா வீட்டில் கிண்டிய தொதல் இனிப்புப் பெட்டியோடு வந்தாள். சுவருக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள், தள்ளி நின்றும் பார்த்தாள். றுவைஸ் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். தேநீர் மேசைக்குப் பின்னால் பதுங்கிய ஜெமீலை அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"மகன், என்ட புள்ள எங்க?"

"கால் அவன்டதான் உம்மா."

அவள் குந்தியிருந்து அந்தத் தழும்பைத் தடவினாள். "ஓம், சின்னதில மதிலால விழுந்து வந்த தழும்பு." பிறகு எழும்பினாள். "முகத்தை வைக்கத்தான் இடம் காணல்லையா, மகன்?"

ஜெமீல் அவளுக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்தார். வெட்கப்பட்டார் என்று நினைக்கிறீர்களா? விசர்க் கதை! மேஜருக்கு இடமாற்றம் என்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தார். புதிதாக வருகிறவருக்கு மீசை இருக்கிறதா இல்லையா என்பதுதான் அவருடைய கவலை.

சீ, இப்படியும் ஒரு மனிதனா என்கிறீர்கள். சரி, போன வருடம் உங்கள் சங்கம் கடற்கரையைத் துப்பரவாக்கிய படத்தை எடுங்கள். நடுவில் புது விளக்குமாற்றோடு நிற்பவர் தலைவர். விடியத் தொடங்கிக் குப்பை அள்ளிய பெடியன்கள் எங்கே? "கொஞ்சம் விலகி நில்லுங்கோ தம்பிமார்" என்று கமராவுக்குப் பின்னால் கேட்டதே, அது யாருடைய குரல்?